எட்டாம் அறையின் குளிர்

"எட்டாம் நம்பர் ரூமுக்கு ஃபேன் வேணும் மேடம். இன்னைக்கே வேணும்."

பெரிய டீச்சர் பேனாவை மூடி வைத்தார். பக்கத்து மேசையில் தாள்களைப் பின் அடித்துக்கொண்டிருந்த கிளார்க்கின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு தூங்குகிற பூனைக்குட்டியைக் கீழே விடுவதுபோல ஸ்டேப்லரை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, "நான் டீ குடிச்சிட்டு வந்துர்றேன்" என்று நழுவினார். இப்போதுதான் டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்த மனிதர் அவர்.

அவள் வேலையில் சேர்ந்த அன்றே எல்லோரும் சொல்லிவைத்த விஷயம் இது. சாக்பீஸ் கேள், லீவு கேள், கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் கேள், கேட்டுக்கொண்டே இரு. எட்டாம் அறைக்கு மட்டும் ஃபேன் கேட்காதே. கேட்டால் கிடைக்காது என்று யாரும் சொல்லவில்லை. அரசுப் பள்ளிக்கூடத்தில் கிடைக்காது என்பது ஒரு செய்தியா என்ன? கேட்கவே கூடாது என்றார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அன்றைக்கு அவளுக்கு உறைக்கவில்லை.

ஸ்டாஃப் ரூமில் அவளுக்கு வைத்த பெயர் வெடுக்கு. வெடுக்கென்று பேசுவாள், வெடுக்கென்று எழுந்து போவாள். அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அப்பா லாண்டரியில் இஸ்திரி போடுகிறவர். நாளெல்லாம் நீராவிக்கு நடுவே நிற்கிற அவர் சட்டை காய்ந்து அவள் பார்த்ததேயில்லை. "நீயாவது நெழல்ல உக்காந்து சம்பாதி" என்பதுதான் அவர் பெண்ணுக்குக் கொடுத்த ஒரே ஆசீர்வாதம். அந்த நிழலுக்காகத்தான் படித்தாள். படித்து முடித்ததும் கிடைத்தது, வருஷத்துக்கு வருஷம் கெஞ்சிப் புதுப்பிக்கிற தற்காலிக வேலையும், தகரக் கூரை போட்ட எட்டாம் அறையும்.

அந்த அறையைக் கட்டியவன் யாரோ, அவன் மேல் அவளுக்கு முதல் நாளே கோபம் வந்தது. வெயிலை வாங்கிக்கொள்ளவென்றே மேற்குப் பார்த்த சுவர். கையைத் தூக்கினால் எட்டிவிடும்போல் தாழ்வான தகரம். ஒரே பக்கம் ஜன்னல். அதைத் திறந்தால் பக்கத்துக் குடோனின் சுவர். காற்றுக்குக் கால் முளைத்தாலும் உள்ளே வர வழியில்லை. இந்த ரூமில் கோழி வளர்த்தால் அவித்த முட்டைதான் போடும் என்று நினைத்துக்கொண்டே உள்ளே நுழைந்தாள்.

நுழைந்தவள் நின்றுவிட்டாள்.

சத்தமே இல்லை. ஓர் அறை நிறையச் சின்னப் பிள்ளைகள். ஒரு கிசுகிசுப்பு இல்லை, ஒரு கிள்ளல் இல்லை, "டீச்சர், இவன் என்னை அடிக்கிறான்" இல்லை. கைகளை அக்குளில் செருகிக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு, மழையில் நனைந்து வந்தவர்கள்போல் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே தார் இளகுகிற வெயில்.

முதல் பெஞ்சில் அவள் அக்கா மகள் இருந்தாள். வீட்டில் அவள் பெயர் வாலு. செய்கிற சேட்டைக்கு ஒரு வால் போதாது என்று அவள் அப்பாவே சொல்வார். அந்த வாலு, சித்தி வந்து நிற்கிறாளே என்று ஒரு சிரிப்புக்கூடச் சிரிக்காமல் எழுந்தாள். எல்லோரும் எழுந்தார்கள். உள்ளங்கைகளைச் சேர்த்துப் பரபரவென்று தேய்த்தார்கள். கன்னத்தில் ஒற்றிக்கொண்டார்கள். வாய்ப்பாடு சொல்கிற ராகத்தில், "குளிருது, குளிருது, நல்லாக் குளிருது" என்றார்கள்.

"யாரு சொல்லிக் குடுத்தது இந்தக் கூத்த?" வெடுக்கு சிரித்துவிட்டாள். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை.

"பெரிய டீச்சர்" என்றாள் வாலு. "நீங்களும் சொல்லுங்க டீச்சர். சொல்லலன்னா வந்துரும்."

"எது வந்துரும்?"

வாலு ஜன்னலைப் பார்த்தாள். மொத்த அறையும் ஜன்னலைப் பார்த்தது. அங்கே குடோன் சுவர்தான் இருந்தது. அதன்மேல் வெயில், வெள்ளையாக, அசையாமல், உள்ளே ஆள் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிற மாதிரி நின்றது.

முதல் வாரம் அவள் அதைச் சொல்லவில்லை. புடவை முதுகோடு ஒட்டியது, சாக்பீஸ் விரலில் வழுக்கியது, கரும்பலகை கண்முன்னே மிதந்தது. பிள்ளைகளோ காய்ந்த முகத்தோடு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மதியம், சொல்லித்தான் பார்ப்போமே, சொன்னால் வாயா தேய்ந்துவிடும் என்று அவளும் கையைத் தேய்த்தாள். "குளிருது" என்றாள்.

குளிர்ந்தது.

முதலில் பிடரியில், யாரோ ஈரத்துணியைப் போட்டதுபோல். பிறகு தோள், முழங்கை, விரல் நுனி. வழிந்துகொண்டிருந்த வியர்வை பாதியிலேயே நின்று காய்ந்தது. தலைக்கு மேலே தகரம் வெயிலில் டக், டக் என்று நெளிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அது வேறு யார் வீட்டுக் கூரையோ என்று தோன்றியது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது என்பார்கள். எட்டாம் அறையில் இருண்டது.

ஒளிப்பானேன், அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. ஸ்டாஃப் ரூமில் ஃபேன் சுழன்றும் எல்லோரும் நோட்டால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவள் பெல் அடிப்பதற்கு முன்பே எழுந்து தன் அறைக்கு ஓடினாள். பின்னக் கணக்கை ஒரே மூச்சில் நடத்தி முடித்தாள். பரீட்சையில் எட்டாம் அறைதான் முதலில் வந்தது. "நெழல் என்னப்பா, குளிரே கெடச்சிருக்கு" என்று அப்பாவிடம் பீற்றிக்கொண்டாள். சாயங்காலம் பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் தலை பிளந்தது. பஸ் நெரிசல் செய்கிற வேலை என்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டாள்.

ஒருநாள் அக்கா பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, உங்க ஸ்கூல்ல என்னதான் பண்றீங்க? தெனம் சாயங்காலம் இவ ஒடம்பு இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதிக்குது. தண்ணி தண்ணியாக் குடிக்கிறா. குடிச்சத வாந்தி எடுக்குறா."

"டாக்டர்கிட்ட காட்டுனியா?"

"காட்டாம இருப்பேனா? வெயில்ல அலைய விடாதீங்கன்னாரு. இவ எங்கடி அலையறா? உன் ரூம்லதான உக்காந்திருக்கா?"

"என் ரூம்ல வெயிலே கெடையாதுக்கா."

சொல்லிவிட்டு வெடுக்கு வாயை மூடிக்கொண்டாள். சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. உள்ளே கட்டிலில் சுருண்டு கிடந்த வாலு, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "சொல்லாதீங்க சித்தி. கேட்டுரும்" என்றாள்.

மறுநாள் பள்ளி விட்டதும் அவள் வாசலிலேயே நின்று பார்த்தாள். மற்ற வகுப்புப் பிள்ளைகள் தள்ளிக்கொண்டும் கத்திக்கொண்டும் போனார்கள். எட்டாம் அறைப் பிள்ளைகள் வரிசை கலையாமல் வந்தார்கள். வாசற்படியைத் தாண்டிய அடியில் ஒவ்வொன்றாகச் சுவரைப் பிடித்துக்கொண்டது. முகம் கன்றிச் சிவந்தது. ஒரு பையன் அங்கேயே குனிந்து ஓங்கரித்தான். வாட்ச்மேன் பக்கெட்டும் குவளையுமாகத் தயாராக நின்று, செடிக்கு ஊற்றுவதுபோல் ஒவ்வொரு தலையிலும் ஊற்றினார்.

"என்னண்ணே இது?"

"தெனமும் இதே பாடுதாம்மா. மத்த ரூம் புள்ளைங்க நல்லாத்தான் போவுதுங்க."

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அறையில் காணாமல் போன வெக்கை எங்கேயும் போகவில்லை. பிள்ளைகளுக்குள்ளேதான் போய் உட்கார்ந்துகொள்கிறது. வாசலுக்கு வந்ததும் மொத்தமாக எழுந்து நிற்கிறது.

"இனிமே யாரும் அதச் சொல்லக் கூடாது" என்று வகுப்பில் கறாராகச் சொன்னாள். யாரும் சொல்லவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. பெஞ்சுக்கு அடியில் கைகள் உரசின. சருகை யாரோ மெல்ல மிதித்துக்கொண்டே இருப்பதுபோல அறை முழுக்க ஒரு சத்தம். அத்தனை பேருக்கும் குளிர்ந்தது. அவள் ஒருத்திக்கு மட்டும் வியர்த்து ஊற்றியது. மதியத்துக்குள் அவளுடைய உள்ளங்கைகள் அவளைக் கேட்காமலே ஒன்றையொன்று தேடி வந்து ஒட்டிக்கொண்டன.

இன்று காலை நடந்தது வேறு.

மேலதிகாரிகள் வருகிறார்கள் என்று பிள்ளைகளுக்குப் படம் வரையக் கொடுத்திருந்தாள். மெழுகுக் கலர் டப்பா ஜன்னல் திட்டில் இருந்தது. எடுக்கப் போன பையன் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தான். "டீச்சர், கலரெல்லாம் அழுவுது" என்றான். சிவப்பு, பச்சை, மஞ்சள் எல்லாம் ஒன்றாக இளகி, டப்பாவின் மூலையிலிருந்து அவன் மணிக்கட்டில் வழிந்துகொண்டிருந்தது. அவனுக்கோ கை நடுங்கியது, பல் கிட்டியது.

அவள் வாலுவைத் தேடினாள். வாலு ஜன்னலோரம் நின்று, வெயிலில் காய்கிற இரும்புக் கதவின் மேல் உள்ளங்கையைப் பதித்து, கன்னத்தையும் அதில் சாய்க்கப் போய்க்கொண்டிருந்தாள்.

"சில்லுன்னு இருக்கு சித்தி."

பள்ளிக்கூடத்தில் அவள் சித்தி என்று கூப்பிட்டதே இல்லை. வெடுக்கு பாய்ந்து இழுத்தாள். உள்ளங்கை வெந்து, தோல் வெள்ளையாக உப்பிக்கொண்டு வந்தது. வாலு அதை வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல ஆர்வமாகப் பார்த்தாள்.

"வலிக்குதாடி?"

"எது?"

அவளைத் தூக்கிக்கொண்டு வந்து, குழாயில் கையைக் காட்டி, நனைத்த துணியைச் சுற்றி, வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தாள். அக்காவுக்கு போன் செய்து உடனே வரச் சொன்னாள். திரும்பிப் போய், "எல்லாரும் வெளிய வாங்க" என்று கத்தினாள். ஒரு பிள்ளையும் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். "வெளிய அது நிக்குது டீச்சர்" என்றது ஒரு குரல். அங்கிருந்து நேராக வந்துதான், கேட்கக் கூடாததைக் கேட்டாள்.

"ஃபேன் மாட்டற வரைக்கும் அந்த ரூமப் பூட்டணும் மேடம்" என்று மேலும் ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள்.

பெரிய டீச்சர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. "உக்காரும்மா. டீ குடி" என்று ஃப்ளாஸ்க்கிலிருந்து ஸ்டீல் டம்ளரில் ஊற்றி நகர்த்தினார். வெடுக்கு தொட்டுவிட்டு விரலை உதறினாள். பெரிய டீச்சர் அதே டம்ளரை இரண்டு கைக்குள்ளும் பொத்தி எடுத்துக்கொண்டார்.

"ஆறிப்போச்சா? சரி, நானே குடிச்சிடறேன்."

ஆவி பறந்துகொண்டிருந்தது. ஒரே மடக்கில் குடித்தார். அவர் மேசையில் ஒரு ஃபேன் உண்டு. ஒயர் அதன் கழுத்திலேயே சுற்றியிருந்தது. இறக்கையில் விரல் கனத்துக்குத் தூசி.

"நான் கேக்காத ஃபேனாம்மா?" என்றார். "எழுதி எழுதிக் கை ஓஞ்சுபோச்சு. ஒரு வெயில் காலத்துல புள்ளைங்க சுருண்டு சுருண்டு விழுந்துச்சு. என் கைல என்ன இருந்துச்சு? கையத் தேயுங்கடா, குளிருதுன்னு சொல்லுங்கடான்னு வெளையாட்டுக்குத்தான் சொன்னேன். எழுந்து உக்காந்துச்சுங்க. கணக்கு போட்டுச்சுங்க. சிரிச்சுச்சுங்க, முதல் நாள் சிரிக்கக்கூடச் செஞ்சுச்சுங்க. அதப் பாத்தப்புறம் விடச் சொல்றியா?"

"எங்க அக்கா மக கை வெந்துருக்கு மேடம்."

"வராந்தால பாத்தேன். அழுதாளா?"

"இல்ல."

"அப்புறம்?"

அந்த 'அப்புறம்' அறைக்குள் அப்படியே நின்றது.

"ஃபேன் போட்டா காத்து வரும். காத்து பட்டா, இத்தன நாள் எதுக்குள்ள உக்காந்திருந்தோம்னு அதுங்களுக்குத் தெரிஞ்சிரும். அப்புறம் பாதி நாள் கரண்ட் இருக்காது. ஃபேன் நிக்கும். அப்ப நீ என்ன சொன்னாலும் குளிராது. ஒரு தடவ போச்சுன்னா போனதுதாம்மா. கேக்காதன்னு சொன்னது உன்ன அடக்க இல்ல."

சொல்லிவிட்டு ஜன்னலைக் காட்டினார். முற்றத்தில் ஒரு வெள்ளைக் கார் நின்றிருந்தது. கண்ணாடியெல்லாம் ஏற்றி, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அடியில் ஏசி தண்ணீர் சொட்டிச் சின்னக் குட்டையாகத் தேங்கியிருக்க, ஒரு நாய் அதில் வயிற்றை வைத்துப் படுத்திருந்தது.

"கூப்பிட்டதும் எறங்கி வருவாங்க. இந்தப் பயிற்சிய எல்லா ஸ்கூலுக்கும் கொண்டு போகப் போறாங்க. கரண்ட் வேணாம், கூரை மாத்த வேணாம், மரம்கூட வைக்க வேணாம். நீதான் முன்னால நின்னு செஞ்சு காட்டணும். உன்ன நிரந்தரமாக்கச் சொல்லி நான் சொல்லியாச்சு. அப்பா சந்தோஷப்படுவாருல்ல?"

எல்லாப் பள்ளிக்கூடங்களும். வெடுக்கு நினைத்துப் பார்த்தாள். தகரத்துக்குக் கீழே எத்தனையோ அறைகள். அத்தனையிலும் அக்குளில் கை செருகிய பிள்ளைகள். சத்தமே இல்லாத, நல்ல மார்க் வாங்குகிற பிள்ளைகள். குட்டக் குட்டக் குனிவதைப் பாடத்திட்டத்திலேயே சேர்த்துவிடுகிற சாமர்த்தியம். காருக்குள்ளே மட்டும் நிஜக் குளிர்.

கோபம் உச்சந்தலைக்கு ஏறவேண்டிய நேரம் அது. ஆனால் பிடரியில் ஏதோ சில்லிட்டது. தோளில் இதமாக இறங்கியது. குனிந்து பார்த்தாள். மடியில் அவள் கைகள் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டிருந்தன. எப்போது ஆரம்பித்தன என்று தெரியவில்லை. பெரிய டீச்சர் அந்தக் கைகளைப் பார்த்துப் பெற்ற தாய்போல் புன்னகை செய்தார்.

வெடுக்கு மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எதையாவது பார்க்கவேண்டும் என்று வராந்தாவைப் பார்த்தாள். பெஞ்சு காலியாக இருந்தது. ஈரத்துணி தரையில் கிடந்தது. கொஞ்சம் தள்ளி, வெந்த கையை முன்னால் நீட்டிக்கொண்டு, தூக்கத்தில் நடப்பவள்போல் வாலு எட்டாம் அறைக்குள் போய்க்கொண்டிருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. தானாகத்தான் போனாள். உள்ளேயிருந்து சருகுச் சத்தம் வந்து அவளை வாங்கிக்கொண்டது.

"மேடம்" என்றாள். "உங்களுக்குக் கடைசியா எப்ப வேர்த்துச்சு?"

பெரிய டீச்சர் யோசித்தார். பழகிய ஆளின் பெயர் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வராமல் போவதுபோல் நிஜமாகவே யோசித்தார். நெற்றி சுருங்கியது.

"எனக்கு எப்பவும் குளிரும்மா" என்றார் கடைசியில், சின்னக் குரலில். தோளில் கிடந்த சால்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

வெடுக்கு எட்டி அவர் மணிக்கட்டைத் தொட்டாள். அப்பாவின் இஸ்திரிப் பெட்டியில் சின்ன வயதில் தெரியாமல் கை வைத்தது ஞாபகம் வந்து சட்டென்று இழுத்துக்கொண்டாள். அவர் மேல் இருந்த கோபம் அந்தக் கணத்தில் போய்விட்டது. கோபம் போன இடத்தில் பயம் வந்தது. பயம் வந்ததும், என்ன செய்யவேண்டும் என்பதும் கூடவே வந்தது.

எழுந்து போய், சுவரில் ஆணிகளில் தொங்கிய பூட்டுகளில் பெரியதாக ஒன்றைச் சாவியோடு எடுத்தாள்.

"அது எதுக்கு?"

"ரூமப் பூட்ட."

"உள்ள புள்ளைங்க இருக்காங்களேம்மா."

"தூக்கிட்டு வருவேன். ஒவ்வொண்ணாத் தூக்கிட்டு வருவேன். பெஞ்சப் புடிச்சிக்கிட்டு வரமாட்டேன்னு கத்துச்சுன்னா, விரல் விரலாப் பிரிச்சு எடுத்துட்டு வருவேன். தண்ணித் தொட்டிக்குப் பின்னால நெழல் இருக்கு. அங்க ஒக்கார வச்சுத் தலைல ஊத்துவேன்."

"தாங்காதும்மா! வெக்க மொத்தமா எறங்கிரும்."

"தெனமும் வாசல்ல எறங்கிட்டுத்தான் இருக்கு, வாட்ச்மேன விட்டா யாரும் பக்கத்துல இல்லாம. இன்னைக்கு நான் இருப்பேன்."

"அழுவாங்க. எல்லாரும் சேந்து அழுவாங்க. அதக் கேட்டுருக்கியா நீ? நான் கேட்டுருக்கேன்." பெரிய டீச்சர் எழுந்து நின்றுவிட்டார். "வந்தவங்க முன்னால அழ விடாத. உனக்குப் புண்ணியமாப் போகட்டும். உன் வேலை..."

"அந்த வேலைய வேற யாருக்காவது குடுங்க மேடம். நான் கேட்டது ஃபேன்."

மூலையில் தண்ணீரோடு இருந்த குடத்தையும் எடுத்துக்கொண்டு ஆபீஸ் வாசற்படியைத் தாண்டினாள். வெக்கை முகத்தில் அறைந்தது. நெற்றியிலிருந்து வியர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணுக்குள் இறங்கிக் கரித்தது. துடைக்கக் கை ஒழியவில்லை. ஒரு கையில் பூட்டு, ஒரு கையில் குடம். முற்றத்தில் கார்க் கதவு திறக்கிற சத்தமும், "ஆரம்பிக்கலாமாம்மா?" என்று யாரோ கேட்பதும் காதில் விழுந்தன. அவள் எட்டாம் அறையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள்.